தங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள சிவப்பு குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். மலையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடம் மாறியது நீங்கள்தான் என்பதால் சௌக்கியத்தை நான் விசாரிப்பதே முறை. தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? உங்கள் மகன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் ஒருவிதமாக நாறுகிறது என்று தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். சமவெளியில் எல்லாம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லது பொறுத்துக்கொள்ளாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "அந்தச் சிவப்பு இருக்கே" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "இந்தா, உங்க அண்ணன்" என்று போனைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். கடிதமென்றால் அப்படித் திணிக்க முடியாது. பிரித்தவர் படித்துத்தான் ஆக வேண்டும். மலை உச்சியில் இருக்கும் உங்கள் வீட்டை டயர் கடைக்காரருக்கு விற்பதற்கு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறீர்களாமே. தெருவே சொல்கிறது. பேனாவைத் திறக்கும் முன் தயவுசெய்து இதை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கச்சியும் இதைப் படிப்பாள். அவளிடம் நீங்கள் சொல்லிவைத்திருக்கும் விதம் வேறாக இருக்கலாம் என்பதால், நடந்தபடியே எழுதுகிறேன். என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணை, தெருவே 'பூகம்பம்' என்றுதான் கூப்பிடுகிறது, அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பூமிக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வது அவள் வேலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை நம் தெரு நெடுக ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் குழி தோண்டி ஒரு பெட்டியைப் புதைத்திருக்கிறாள். எங்கேயோ தூரத்தில் கல்குவாரியில் வெடி வைத்தாலும், கடலுக்கு அந்தப்பக்கம் நிலம் குலுங்கினாலும், அந்த அதிர்வு பூமிக்குள் புகுந்து நம் மலைக்கு அடியில் வந்து மேலே ஏறும். அது எந்தப் பெட்டிக்கு எப்போது வந்தது என்பதை வைத்து, டாக்டர் வயிற்றை ஸ்கேன் பண்ணுகிற மாதிரி, அவள் பூமியின் வயிற்றைப் படமாக வரைகிறாள். அன்றைக்கு உங்கள் வீட்டுப் பெட்டிக்கு பேட்டரி மாற்ற வந்தவளை நீங்கள் சும்மா விட்டீர்களா? நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "என்னம்மா தெரியுது உள்ள?" என்று கேட்டீர்கள். அவளும் கள்ளங்கபடம் இல்லாமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

"இதுல எங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் விரலை வைத்தாள். அந்த விரலுக்கு அடியில் ஊரே அடங்கிவிடும், மாப்பிள்ளை. உங்களுக்கு மட்டும் உங்கள் வீடு தெரிந்தது. விரலுக்கு நேர் கீழே ஒரு சிவப்புத் திட்டு. அது என்னவென்று கேட்டீர்கள். "அந்த இடத்துல அலை மெதுவாப் போகுது ஐயா. பாறை நொறுங்கியிருக்கலாம், தண்ணி இருக்கலாம், சூடாக்கூட இருக்கலாம். இது முதல் படம், இன்னும் சரி பண்ணல" என்று அவள் சொன்னாள். உங்கள் காது "சூடு" என்ற இடத்தோடு அடைத்துக்கொண்டது. எனக்குத் தெரியும், நீங்கள் ஆயுள் முழுக்கத் தீயணைப்பு வண்டியில் போனவர். எரிகிற சினிமாக் கொட்டகைக்குள் புகுந்து டிக்கெட் கொடுக்கிறவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். வீட்டுக்கு அடியில் சிவப்பாக, சூடாக ஒன்று இருக்கிறதென்றால் உங்களுக்கு அடுத்த வேலை ஆட்களை வெளியேற்றுவதுதான். மெயின் சுவிட்சை அணைத்தீர்கள், காஸை மூடினீர்கள், தங்கச்சியை வாசலில் நிற்க வைத்து ஆள் எண்ணினீர்கள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அதில் ஒருவர் நீங்கள். அதையும் சந்தேகம் தீர இன்னொரு தடவை எண்ணினீர்களாம். சாயங்காலம் நான் வழக்கம்போல மூச்சு வாங்க மேலே ஏறி வந்து பார்த்தால் உங்கள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

அந்தச் சிவப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டீர்களா? பதினைந்து கிலோமீட்டர், மாப்பிள்ளை! அவ்வளவு தூரத்தை நீங்கள் பஸ்ஸில் போனால் பாதி வழியில் டீ குடிக்க இறங்குவீர்கள்.

சரி, பயப்பட்டது பயப்பட்டதாக இருக்கட்டும். எனக்கு வேறு ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது எதையாவது பார்த்தேன் என்று வந்து நின்றால், எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்கள் என்பதுதான் என் வாயில் முதலில் வரும். பொண்டாட்டி முகம் கோணலாகத் தெரிகிறது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தவனுக்கு ஃபிரேமை நிமிர்த்திக் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதனால் மறுநாள் காலையிலேயே மாடி ஏறி, "ஏம்மா, அந்தச் சிவப்பு நிஜமாவே அங்க இருக்கா, இல்ல உனக்கு அப்படித் தெரியுதா?" என்று கேட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னடாவென்றால் சட்டென்று எழுந்து எனக்கு நாற்காலி போடுகிறாள். "ஐயா, இந்தக் கேள்வியோடதான் நான் தூங்கப் போறேன், இதோடதான் எந்திரிக்கிறேன். உக்காருங்க" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முதல் தடவை கணக்குப் போடும்போது கம்ப்யூட்டரிடம் நிலம் மேஜை மாதிரி தட்டையாக இருக்கிறது என்று சொல்லித்தான் போடுவார்களாம். அதுதான் சுலபமாம், சீக்கிரம் முடியுமாம். எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, நம்ம தெருவுல ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு. உன் கம்ப்யூட்டர் எந்தத் தெருவைப் பாத்துத் தட்டைன்னு சொல்லுது?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்க மாடியில உக்காந்திருக்கீங்க. உங்களப் பாக்க ஒருத்தர் சொன்ன நேரத்துக்கு வராம லேட்டா வர்றார். ஏன் லேட்?" என்று கேட்டாள். ரோடு மோசமாக இருந்திருக்கும் என்றேன். "நீங்க மாடியில இருக்கீங்கன்னு தெரியாதவங்க அப்படித்தான் ரோட்டைத் திட்டுவாங்க. அவர் படி ஏறி வந்ததுலதான் லேட்டு" என்றாள். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிந்தது, மாப்பிள்ளை. உங்கள் வீடு உச்சியில் இருக்கிறது. அதிர்வு மற்றவர்கள் வீட்டுக்கு வருவதைவிடக் கூடுதல் பாறை ஏறித்தான் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வர வேண்டும். வந்தது தாமதம். மலை இருப்பதே தெரியாத கம்ப்யூட்டர், கீழே பாறை சரியில்லை, அதனால்தான் மெதுவாக வந்திருக்கிறது என்று ஒரு திட்டைப் பூசி வைத்துவிட்டது.

"அப்ப அதுக்குச் சிவப்பு எதுக்கும்மா?" என்றேன். மெதுவான இடத்துக்குச் சிவப்பு, வேகமான இடத்துக்கு நீலம், அது ஒரு பழக்கம், அவ்வளவுதானாம். பச்சை அடித்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இங்கே என்னோடு டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். எவன் ஆரம்பித்த பழக்கமோ, என் தங்கச்சியை ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டது.

அந்த ஏற்றத்துக்கான நேரத்தைக் கழித்துவிட்டால் முடிந்தது என்று நான் கிளம்பினேன். "அவ்வளவு லேசா விட்டுடுமா மலை?" என்று உட்கார வைத்துவிட்டாள். அலை நேராக மட்டும் மேலே வருவதில்லையாம். சாய்வாக வருகிறதாம். சரிவில் மோதித் திரும்புகிறதாம், பாதி அலை மலையின் தோலை ஒட்டியே ஓடுகிறதாம், உச்சியில் மட்டும் கூடுதலாக ஆடுகிறதாம், பள்ளத்துக்குள் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி வந்து பெட்டியைத் தட்டுகிறதாம். ஒரே ஆள் நாலு தடவை கதவைத் தட்டினால் நாலு விருந்தாளி என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதனால் மலை எங்கே வளைகிறதோ அங்கே கணக்கும் வளைய வேண்டும், தட்டையான கட்டங்களை எல்லாம் மலை மேல் துணி போர்த்தின மாதிரி வளைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்றாள்.

எனக்கு இதைச் சோதித்துப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் குளியலறை ஜன்னலில் பூப்போட்ட கண்ணாடி இருக்கிறதல்லவா, மேடு பள்ளமாக? அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் வீட்டுக்காரியை நிற்கச் சொல்லி நான் இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆளை நகரச் சொன்னால் மூக்கு இரண்டாகி ஒன்று நெற்றிக்குப் போனது. கண்ணாடியின் மேடு பள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு மூக்கை அது இருக்க வேண்டிய இடத்துக்கு நான் இழுத்துக்கொண்டுவர முயன்றுகொண்டிருந்தபோது அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். "காலங்காத்தால என்ன கூத்து இது? ஊருக்கெல்லாம் கண்ணாடி வித்த மனுஷனுக்கு என் மூக்கு எங்க இருக்குன்னு இப்பதான் சந்தேகம் வந்துச்சா?" என்றாள். அன்றைக்கு எனக்குக் காலை டீ கிடைக்கவில்லை. அறிவியலுக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

கணக்கை வளைக்க வேண்டுமென்றால் மலையின் சரியான வடிவம் வேண்டும். இருக்கிற வரைபடத்தில் நம் தெரு ஒரே வழவழ சரிவாக இருக்கிறது. ஆகவே பூகம்பம் ஒரு கம்பின் நுனியில் கருவியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக உயரம் அளக்கக் கிளம்பினாள். கூடவே நானும் போனேன், ஆட்களைச் சமாளிக்க. அங்கேதான் வினை. அளவெடுக்கிறார்கள் என்றதும் ஒவ்வொருவருக்கும் தன் வீடு பக்கத்து வீட்டைவிட ஒசந்தது என்று எழுதப்பட வேண்டுமாம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தன் வாசலில் நேற்றுப் போட்ட மண்மேட்டின்மேல் கம்பை நட்டுவைத்து, "இங்கதான் அளக்கணும், இதான் ஒரிஜினல் தரை" என்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரர் மொட்டைமாடியிலிருந்து, "சார், மாடியச் சேத்துக்குவீங்கல்ல?" என்று கத்துகிறார். உங்கள் பூட்டின வீட்டு வாசலில் மட்டும் யாரும் தொந்தரவு பண்ணவில்லை. அமைதியாக அளந்தோம். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. வாசல் படியில் தங்கச்சியின் செருப்பு ஒரு ஜோடி அப்படியே கிடக்கிறது, மாப்பிள்ளை. அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இதற்குள் நீங்கள் ஓடிப்போன செய்தி பரவி, தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு தீயணைப்புக்காரரே குடும்பத்தோடு காலி பண்ணிப் போயிருக்கிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று ஆளாளுக்குக் கிலி. நான் எழுந்து, உங்களுக்கு எழுதியிருப்பதைப் போலவே, மாடிப்படி, விருந்தாளி, பூப்போட்ட கண்ணாடி எல்லாவற்றையும் விளக்கினேன். "பயப்படாதீங்க. கீழ ஒண்ணும் இல்ல. படத்துல கோளாறு. அந்தக் கோளாறுக்கு நம்ம மலைதான் காரணம்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். நானும் பெருமையாக உட்கார்ந்தேன். சங்கச் செயலாளர் எழுந்து, "அய்யா தெளிவாச் சொல்லிட்டார், மலைதான் காரணம். ஆகவே மலையை எடுத்துடணும்னு மனு கொடுப்போம்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். முன்னதைவிடப் பலமாக.

நான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிவிட்டது. "யோவ், மலையை எடுக்கச் சொல்லலய்யா! மலையைக் கணக்குல சேக்கச் சொன்னேன்!" என்கிறேன். செயலாளர் ரொம்ப மரியாதையாக, "சேத்தா பாரம் கூடிடுமே சார், கீழ இருக்கறது தாங்குமா?" என்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பிப்பது என்று அடுத்த சண்டை. அடிவாரத்துக்காரர்கள் உச்சியிலிருந்து என்கிறார்கள், உச்சியில் இருப்பவர்கள் அடியிலிருந்து என்கிறார்கள். கடைசியில் உச்சியில் உங்கள் வீடு காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே ஆரம்பித்தால் யாருக்கும் கஷ்டமில்லை என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. ஊரில் இல்லாத ஆளுக்கு இதுதான் நடக்கும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்து ஒரு அதட்டல் போட்டிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். என் சத்தத்தை இங்கே யார் மதிக்கிறார்கள்? மனுவைத் தபால் பெட்டியில் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது என் தலையணைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஆக, விஷயம் இவ்வளவுதான். மலையைச் சேர்த்த புதுக்கணக்கு மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் போடும் சத்தம் கீழே என் கட்டில்வரை கேட்கிறது. இன்று சாயங்காலம் படம் வந்துவிடும் என்கிறாள் பூகம்பம். எனக்கு அதைப் பார்க்கவே தேவையில்லை. கண்ணாடியின் பவர் நம்பரைப் பார்த்தாலே, போட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லக்கூடிய அனுபவம் எனக்கு உண்டு. சிவப்பு இருக்காது. உங்கள் வீட்டுக்குக் கீழே வெறும் பாறை, அதற்குக் கீழேயும் பாறை. அப்படியே ஏதாவது இருந்தாலும், பதினைந்து கிலோமீட்டருக்கு அடியில் இருப்பதை நினைத்து ஒரு வளர்ந்த மனிதர் பெட்டி கட்டலாமா? விவரம் தெரிந்த எவனும் பயப்பட மாட்டான். நான் பயந்தேனா? பூகம்பத்தையே மாடியில் குடிவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். டயர் கடைக்காரர் உங்கள் முன்வாசலில் டயரை அடுக்கத்தான் வீட்டை வாங்குகிறார். நான் சாயங்காலம் மேலே ஏறி வந்து டயரோடா பேச முடியும்? தங்கச்சி பிறந்ததிலிருந்து என் கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் போனதில்லை. கல்யாணத்துக்கு நீங்கள் கேட்டபோது, இதே தெருவில் வீடு பார்ப்பதாக ஒப்புக்கொண்டதால்தான் நான் சரி என்றேன். அதை நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

தங்கச்சிக்கு என் ஆசிகள், முட்டிக்குத் தைலம் தடவிக்கொள்ளச் சொல்லவும். மகனுக்கும் மருமகளுக்கும் எல்லா நலனும் பெருகட்டும். பேரன் பல்லோடும் சொல்லோடும் வளரட்டும். உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயது இருக்கிறது, தைரியம் இல்லை. ஆகவே வணக்கம்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பூகம்பம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். படம் வந்துவிட்டது. முதலில் நல்ல செய்தி: உங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சிவப்பு துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. அதில் பெரும்பங்கு மலை பண்ணின வேலைதான். நான் சொன்னது சரி. ஆனால் முழுக்கச் சரியில்லை. மலை கலக்கிவைத்திருந்த குழப்பமெல்லாம் விலகினதும், அதற்குப் பின்னாலே ஒளிந்திருந்த இன்னொன்று தெரிகிறது. சின்னது, இன்னும் ஆழமானது, விளிம்பு கூடத் தெளிவாக இருக்கிறது. உச்சிக்கு அடியில் இல்லை, சரிவில் கீழே தள்ளி இருக்கிறது. "அப்ப அது யார் வீட்டுக்குக் கீழ வருது?" என்றேன். "ஐயா, இந்தப் படத்துல உங்க தெரு முழுக்கவே ஒரு புள்ளி" என்றாள். "புள்ளியில எந்தப் பக்கம்?" என்றேன். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க பக்கம்" என்றாள். அது என்னதாம்மா என்று கேட்டேன். "தெரியலையே ஐயா!" என்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. இப்படி ஒரு தெரியாததுக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தாளாம். மறுபடி மேலே ஓடிவிட்டாள்.

நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ், டீ என்று மேலே உங்களுக்கு எழுதியதை எனக்கே இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பிரயோஜனமில்லை. காலைத் தரையில் வைக்கக் கூசுகிறது. என் வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை, உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடிக்கிறாள். அதனால் மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் அடித்துவிடலாம். உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது, விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். இப்போது சிவப்பு இருப்பது அடுத்தவன் வீட்டில். அடுத்தவன் வீட்டில் என்றால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. வாங்க.